இல்ல, சாரா

"இனிஷியல் என்னம்மா? சீக்கிரம் சொல்லுங்க, பெயிண்ட் ஆடை கட்டுது"ங்கறான் ஏகாம்பரம், ஏணி மேலேர்ந்து. கட்டட்டும். முப்பத்து மூணு வருஷமா நான் ஒண்ணை உள்ளேயே ஆடை கட்டவிட்டு வச்சிருக்கேன், இவன் டப்பா பத்து நிமிஷம் இருந்தா குடி முழுகிடாது. "டீ குடிச்சுட்டுச் சொல்றேன், நீ முதல்ல கீழ இறங்கு. விழுந்து காலை உடைச்சுக்கிட்டா உனக்கு இங்க கட்டில் கிடையாது, இது பிரசவ ஆஸ்பத்திரி"ன்னேன். பல்லைக் காட்டிக்கிட்டே இறங்கினான், பீடியை எடுத்தான், நான் முறைச்சதும் காதுல சொருகிக்கிட்டான். தேசம்மா டீயை ஸ்டூல் மேல வச்சுட்டுப் போனா. தேசம்மா இங்க ஆயா, நான் ராயபுரத்துக்கு வந்த வருஷம்தான் அவளும் வேலைக்குச் சேர்ந்தா, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவளே அவதான். முதல்ல கெட்ட வார்த்தை, அப்புறம்தான் மத்ததெல்லாம். பிரசவ ரூம்ல அதுதானே முதல்ல காதுல விழும். இப்ப புதுசா கட்டின பிரசவ வார்டுக்கு என் பேரை வைக்கணும்னு டிரஸ்ட்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. பதினோரு மணிக்கு ரிப்பன் வெட்ட வர்றாங்க. வாசலுக்கு மேல நீலப் போர்டு. ஏகாம்பரம் 'டாக்டர்'னு எழுதிட்டான், அப்புறம் ஒரு முழம் காலி, அப்புறம் 'பிரசவ வார்டு'. அந்த ஒரு முழம்தான் ஒரு வாரமா என் தூக்கத்தைத் தின்னுது. அதுல சாரான்னு வரும்னு எல்லாருக்கும் தெரியும். பீச் ரோட்டுல இறங்கி சாராம்மா ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்டா குருடன்கூட வழி காட்டுவான். ஆனா அது எங்கம்மா எனக்கு வச்ச பேரு இல்லைன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. வச்சது யாருன்னு சொன்னா ஏகாம்பரம் பிரஷ்ஷைத் தூக்கி சாக்கடையில போட்டுட்டுப் போயிடுவான். சொல்லலாமா? சொல்லி என்ன ஆகப்போகுது. பதினோரு மணிக்கு அப்புறம் அது சுவத்துல ஏறிடும். ஏறினா ஏறினதுதான், நான் செத்தப்புறமும் அங்கயே இருக்கும்.

டீயில சர்க்கரை ஜாஸ்தி. தேசம்மாவுக்கு நான் சர்க்கரை வியாதிக்காரின்னு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, இன்னிக்கு நல்ல நாளாம். ஹிட்லர்னா எல்லாருக்கும் அந்த மீசை ஞாபகம் வருது, எனக்கு ஞாபகம் வர்றது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு டிசம்பர், எங்க ஊரு ப்ரெஸ்லௌ. அப்ப அது ஜெர்மனி, இப்ப போலந்து, ஊருக்கே இப்ப வேற பேரு, அதுவும் என்னை மாதிரிதான். அந்த செப்டம்பரோட யூத டாக்டர் யாரும் இனிமே டாக்டர் இல்லைன்னுட்டாங்க, நவம்பர்ல எங்க ஜெப ஆலயத்தைக் கொளுத்தினாங்க, மூணு நாள் துணியில எல்லாம் புகை வாசனை, துவைச்சும் போகல. அதுக்கப்புறம் பேரு. யூதப் பொம்பளைன்னா பேரோட சாரான்னு சேர்த்துக்கணும், ஆம்பளைன்னா இஸ்ரவேல். சட்டம். ஆபீஸ்ல பேரு கேட்டா முழுசா சொல்லணும், கையெழுத்துல எழுதணும், விட்டுட்டா தண்டனை. எதுக்குன்னா, வாயைத் திறந்து பேரைச் சொன்ன மாத்திரத்துல எதிர்ல இருக்கறவன் மூக்கைப் பிடிச்சுக்கணும், அதுக்கு. ஆயிரம் பொம்பளைங்களுக்கு ஒரே பேரு. ஆட்டு மந்தைக்குக் காதுல மை வைக்கிற மாதிரி. எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, அந்தப் பேரைப் பதியற வரிசையில நிக்க இருக்கறதுலயே நல்ல தொப்பியைப் போட்டுக்கிட்டாங்க. இர்மா அவங்க பேரு. பள்ளிக்கூட டீச்சர், வேலையைப் பிடுங்கி அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு, நடையில மட்டும் டீச்சர்தனம் போகல. பனி கொட்டுது, ரெண்டு மணி நேரம் நிக்கறோம், கொட்டுற பனியில அந்த ஊதாத் தொப்பி. எனக்கு அவமானமா இருந்துச்சு. "கல்யாணத்துக்கா வந்திருக்கோம்?"னு கேட்டேன். "கல்யாணத்துக்குப் போனா எவ்வளவு வேணா அசிங்கமா போகலாம் இல்ஸ, அங்க நம்மளை நேசிக்கிறவங்க இருப்பாங்க"ன்னாங்க.

இல்ஸ. நான்தான். எவ்வளவு நாளாச்சு ஒருத்தர் வாயில அதைக் கேட்டு. அம்மா கூப்பிடும்போது கடைசி எழுத்து காத்துல கரைஞ்சுடும். ஆபீஸ் ஜன்னலுக்குள்ள இருந்தவன் சின்னப் பையன், மூஞ்சியில பரு. அம்மா பேனாவை வாங்கி இர்மா சாரான்னு எழுதினாங்க, அவ்வளவு அழகா, முத்து முத்தா, கரும்பலகையில எழுதற மாதிரி. எழுதிட்டு அவனைப் பார்த்துச் சொன்னாங்க, "சாரான்னா அரசின்னு அர்த்தம் தம்பி. வேதத்துல அவ தொண்ணூறு வயசுல பிள்ளை பெத்தவ. பெறப்போறேன்னு தெரிஞ்சப்ப சிரிச்சா. நல்ல பேருதான் குடுத்திருக்கீங்க, உங்க வீட்ல யாருக்கும் வேணாமா?" அவன் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினான், மை தெறிச்சுது. அடுத்தது நான். ஆத்திரமா பயமான்னு இன்னிக்கும் தெரியல, நான் அழுத்தின அழுத்துல பேனா முனை பேப்பரைக் கிழிச்சுடுச்சு. வெளிய வந்ததும் அம்மாகிட்டப் பாய்ஞ்சேன். "அவனுக்கு எதுக்கும்மா அவ்வளவு அழகா எழுதிக்குடுத்தே, வெக்கமா இல்லையா உனக்கு?" அம்மா கையுறையை ஒவ்வொரு விரலா மாட்டிக்கிட்டே சொன்னாங்க, "பேரு அவன் குடுத்தது, கையெழுத்து என்னுது. அதையும் எதுக்கு அவனுக்கு விடணும்?" நான் தெரு முழுக்க ஒரு வார்த்தை பேசல. பேசியிருக்கலாம். அதுக்கப்புறம் நாலு மாசம்தான் அவங்களோட இருந்தேன், அதுல எத்தனை நாளை இப்படி வாயை மூடிக்கிட்டே வீணாக்கினேனோ.

உள்ள இருந்து ஒரு கத்தல். காசிமேட்டுப் பொண்ணு, விடிகாலையில வந்தா, ரெண்டாவது பிரசவம். கத்தலை வச்சே சொல்லுவேன், இன்னும் அரை மணி ஆகும். தேசம்மா அதட்டறா, "ஏ சாரா, இப்பவே முக்காதடி, மூச்சை விடு, மூச்சை விடு!" கட்டில்ல இருக்கறவ பேரும் அதுதான், ஆனா சாரான்னதும் என் தலை தானா திரும்புது, ஏகாம்பரம் சிரிக்கிறான். சிரிக்கட்டும். எனக்கு ஒரு குமாஸ்தா ஞாபகம். ஜம்புலிங்கம், இதே ஆஸ்பத்திரி, அப்ப ஓட்டுக் கட்டடம். முப்பத்தொம்பது மே மாசம் கப்பலை விட்டு இறங்கி வர்றேன், வெயில்ல தோல் உரியுது, கையில ஒரு பெட்டி. ஜெர்மன்காரி, டாக்டர், குறைஞ்ச சம்பளத்துக்கு வருவான்னு யாரோ ஒரு மிஷன்காரங்க சிபாரிசு பண்ணியிருந்தாங்க. ஜம்புலிங்கத்துக்கு வாய் நிறைய வெத்தலை. லெட்டரைப் பார்த்து என் குடும்பப் பேரைப் படிக்கப் பார்க்கிறார், ஃப்ரீட்லெண்டர், நாக்கு சுளுக்கிக்கிச்சு. "ப்ரீட்டு... ப்ரெட்டு... இதான் உங்க பேரா?" எனக்குத் தமிழ் தெரியாது, ஆனா மேஜைக்குப் பின்னாடி ஒரு ஆள் பேனாவோட உட்கார்ந்து கேள்வி கேட்டா என்ன சொல்லணும்னு முதுகெலும்புக்குத் தெரியும். நிமிர்ந்து நின்னேன், சொன்னேன், "இல்ஸ சாரா." அவர் காதுல எப்படி விழுந்துச்சுன்னா, "இல்ல, சாரா." ஓஹோ, இது இல்லையா, சாராவா, நல்லதாப் போச்சு, சின்னப் பேருன்னு தலையை ஆட்டிக்கிட்டு எழுதிட்டார். டாக்டர் சாரா. ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது. நான் அம்மா வச்ச பேரைச் சொன்னேன், அது இந்த ஊர்ல இல்லைங்கற வார்த்தை ஆயிடுச்சு.

இதுல சிரிக்கவும் விஷயம் இருக்கு, ஆனா எனக்கு ரொம்ப வருஷம் சிரிப்பு வரல. என்னை அரிச்சது ஜம்புலிங்கம் இல்ல, அந்தாளு பாவம், வருஷா வருஷம் பொங்கலுக்குக் கரும்பு குடுத்தனுப்புவார். என்னை அரிச்சது நான்தான். சாராவைச் சொல்லச் சொல்லி யார் கேட்டா? சட்டம் இங்க இருக்கா? ஆறாயிரம் மைல் தாண்டி வந்தாச்சு, எதிர்ல இருக்கறது வெத்தலை போட்ட ஒரு மனுஷன், துப்பாக்கி இல்ல, பூட்ஸ் இல்ல, நானா வாயைத் திறந்து அவனுங்க குடுத்ததைச் சொல்லிட்டேன். அவ்வளவு தூரம் உள்ள இறக்கியிருந்தானுங்க. மறுநாள் போய்த் திருத்தியிருக்கலாம். போகல. அப்புறம் செப்டம்பர்ல சண்டை வந்துச்சு, நான் ஜெர்மன்காரி இல்லையா, எதிரி நாட்டுக்காரின்னு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நிக்க வச்சாங்க. அங்க என்னைக் கொல்லப் பார்த்தாங்க, இங்க அவங்க ஆளுன்னு பிடிச்சு வச்சாங்க, என்ன சொல்ல, என் ஜாதகம் அப்படி. விட்டாங்க, ஆனா திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடணும். போட்டேன், டாக்டர் சாரான்னு, கோழி கிண்டின மாதிரி. ஒரு தடவைகூட அழகா எழுதினதில்ல. அம்மாவுக்கு விசா வரும், அடுத்த கப்பல்ல வருவாங்கன்னு இருந்தேன். சண்டை வந்ததும் கப்பலும் இல்ல, விசாவும் இல்ல. செஞ்சிலுவைச் சங்கம் மூலமா இருபத்தஞ்சு வார்த்தைக்குள்ள ஒரு தாள் வந்துச்சு. 'நலம். தைரியமாக இருக்கிறேன். எத்தனை குழந்தைகள் பிறக்க வைத்தாய்?' கீழ இர்மா சாரா. முத்து முத்தா. எத்தனை குழந்தைன்னு எண்ணி எழுதி அனுப்பினேன், அதுக்கு பதில் வரல.

ஆறிப்போச்சு டீ. பரவால்ல. நாப்பத்திரண்டு ஏப்ரல், ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலி. கடைங்க மூடிட்டாங்க, ரயில்ல கூரை மேல எல்லாம் ஆளு, மிருகக்காட்சி சாலை புலியைக்கூட சுட்டுட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில நானும் தேசம்மாவும் நிறை மாசத்துக்காரி ஒருத்தியும். எங்க போறது, குழந்தைக்கு ஜப்பான்காரனைப் பத்தித் தெரியுமா? அன்னிக்குத் திங்கக்கிழமை. நான் கையெழுத்துப் போட வரலைன்னு கான்ஸ்டபிள் ஒருத்தர் தேடிக்கிட்டு வந்துட்டார், பிரசவ ரூம் வாசல்ல நின்னு, "எனிமி லேடி இருக்காங்களா?"ங்கறார். என் ரெண்டு கையும் எங்க இருந்துச்சோ அங்க இருந்துச்சு. கட்டில்ல இருந்தவ, பேரு மோசசம்மா, அந்த வலியிலயும் எழுந்து உட்கார்ந்து கத்தினா, "யோவ், யாருய்யா எதிரி? வெளிய போய்யா கட்டையில போறவனே, எங்க சாராம்மாவைத் தொட்டே, அந்தக் கையை ஒடிப்பேன்!" கான்ஸ்டபிள் போன வேகம் இருக்கே. எங்க சாராம்மா. முதல் தடவையா அந்தப் பேரு என் முதுகுல விழல, என் முன்னாடி வந்து நின்னுச்சு. பொண்ணு பொறந்தா. ஏழாம் நாள் மோசசம்மா சொல்றா, சாரான்னு வச்சிருக்கேன்மா, உங்க பேரு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. எங்க பக்கத்து யூதருங்க உயிரோட இருக்கறவங்க பேரைக் குழந்தைக்கு வைக்கவே மாட்டோம். செத்தவங்க பேரைத்தான் வைக்கணும், அப்பதான் அவங்க திரும்ப வாழ்வாங்க. உயிரோட இருக்கறவங்க பேரை வச்சா ரெண்டுல ஒருத்தரை எமன் தப்பாக் கூட்டிட்டுப் போயிடுவான். அரைகுறைத் தமிழ்ல கத்தினேன், "வேணாம், வேணாம், நான் இருக்கேன், சாவல!" மோசசம்மா சிரிச்சா. "அப்படின்னா ரெண்டு பேரும் நூறு வருஷம் இருங்க"ன்னா. வச்சுட்டா. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியும் ஆரம்பிச்சுட்டா. சாராமேரி, சாரா பேகம், சாராதேவி, ஒரு செட்டியார் வீட்ல சாரதான்னு எழுதிட்டு சாரான்னு கூப்பிட்டாங்க. முனிசிபல் பள்ளிக்கூடத்துல ஒரே கிளாஸ்ல நாலு சாரா, கருத்த சாரா, நெட்டை சாரா, மார்க்கெட் சாரா, வாயாடி சாரா. ஆயிரம் பொம்பளைங்களுக்கு ஒரே பேரு. அதேதான். அங்க ரயில்ல ஏத்தறதுக்கு வச்சாங்க, இங்க முத்தம் குடுத்துட்டு வச்சாங்க. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் பயம், எமன் எந்தச் சாராவைத் தேடி வருவானோன்னு.

வந்தான், முன்னாடியே வந்துட்டுப் போயிட்டான். லெட்டர் எனக்கு அம்பதுல கிடைச்சுது, காணாமப்போனவங்களைத் தேடற ஆபீஸ்லேர்ந்து, டைப் அடிச்சு. இர்மா சாரா ஃப்ரீட்லெண்டர், நாப்பத்தொண்ணு நவம்பர் இருபத்தஞ்சு, ப்ரெஸ்லௌவிலிருந்து ரயில், லித்துவேனியா. அந்த ரயில்ல போனவங்களை நாலு நாள் கழிச்சு ஒரு கோட்டைக்கு வெளிய பள்ளத்து ஓரமா நிறுத்திச் சுட்டாங்க. ஆயிரம் பேர். ஆயிரம் சாரா, ஆயிரம் இஸ்ரவேல். எங்கப்பா நான் படிக்கும்போதே படுக்கையில செத்தார், கல்லு வச்சு பேரு வெட்டினோம், அம்மா எழுத்து எழுத்தா சரி பார்த்தாங்க, ஒரு எழுத்து கோணல்னு திருப்பி வெட்டச் சொன்னாங்க. அவங்களுக்குக் கல்லும் இல்ல, எழுத்தும் இல்ல. நான் அன்னிக்கு அழல, மூணு பிரசவம் இருந்துச்சு. அந்தத் தேதியையே பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம் என்னை நானே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன், தொப்பியைப் பார்த்து வெக்கப்பட்டவளே, வாயைத் திறந்து சாரான்னவளே, விட்டுட்டு வந்தவளேன்னு. இரு. நவம்பர் நாப்பத்தொண்ணு. மோசசம்மா பேரு வச்சது ஏப்ரல் நாப்பத்திரண்டு. அஞ்சு மாசம். இத்தனை நாள் இதைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கவே இல்லையே நான். நான் வேணாம் வேணாம்னு கத்தினப்ப சாரான்னு ஒருத்தி ஏற்கெனவே செத்துப் போயிருந்தா. மோசசம்மா தப்புப் பண்ணல. வழக்கப்படிதான் பண்ணியிருக்கா, அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செத்தவங்க பேரு, பிறந்த குழந்தைக்கு. முறையா. நாலு சாரா ஒரே கிளாஸ்ல உட்கார்ந்திருந்தாங்களே, மார்க்கெட் சாரா, வாயாடி சாரா, அம்மா, நீதான்மா அது. டீச்சருக்கு ஒரு கிளாஸ் முழுக்க.

கண்ணு எரியுது. பெயிண்ட் வாசனைதான். இல்ல, பெயிண்ட் இல்ல, அழறேன், அழுதா என்ன. "அம்மா, ஒடம்புக்கு என்ன?"ன்னு ஏகாம்பரம் கிட்ட வர்றான். உள்ள கத்தல் மாறிடுச்சு, தேசம்மா, "இப்ப முக்குடி என் கண்ணு, தலை தெரியுது, சாரா, ம்ம், சாரா"ங்கறா. கட்டில்ல இருக்கறது மோசசம்மா பொண்ணு, முதல் சாரா, அதைச் சொல்ல மறந்துட்டேனே, முப்பது வயசு இப்ப, அவ அம்மா மாதிரியே வாய். நான் எழுந்து கை கழுவப் போகணும். போறதுக்கு முன்னாடி அந்த ஒரு முழம். அதுல சாரான்னு மட்டும் போட்டா அது ஸ்டாம்ப் குடுத்த பேரு. இல்ஸன்னு போட்டா எனக்கு மட்டும் தெரிஞ்ச பேரு, இந்தப் பொண்ணுங்க யாருக்கும் அதுல பங்கு இல்ல. உயிரோட இருக்கறவ பேரை எதுக்கு சுவத்துல எழுதணும்? எங்க வழக்கம் அது இல்ல.

"ஏகாம்பரம், ஏணியில ஏறு. இனிஷியல் இ."

"இ-யா? அப்பா பேரு என்னம்மா?"

"அப்பா பேரு மோரிட்ஸ். இது அம்மா பேரு. இர்மா."

"அம்மா பேரை யாராவது இனிஷியலாப் போடுவாங்களாம்மா?"

"நான் போடறேன். பிரசவ வார்டுதானே, பெத்தவ பேரு இல்லாம யார் பேரு வரும்? எழுது. இ போட்டு, புள்ளி வச்சு, சாரா."

தலையைச் சொறிஞ்சான், ஏறினான். இ. சாரா. ராயபுரம் அதை என் பேருன்னு படிக்கும், படிக்கட்டும். பிரஷ்ஷை டப்பாவுல முக்கிட்டு, கீழ குனிஞ்சு மெதுவாக் கேட்டான், "அம்மா இருக்காங்களாம்மா?"

இருபது வருஷத்துக்கு மேல இதை யார் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கேன். இல்ல. ஒத்தை வார்த்தை, சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவேன்.

"இருக்காங்க"ன்னேன். "கோணலா எழுதினே, திருப்பி எழுதச் சொல்லுவாங்க. முத்து முத்தா எழுது."